மேல்காற்றுக்கு வாசல்

திசையன்விளை,
ஜூலை 28

கர்த்தருக்குள் அன்பான தம்பி எபிக்கு, அக்கா பியூலா எழுதுவது.

தேரிமேட்டுச் செம்மணலுக்கும் நம் கிணற்றுக்கும் இடையே இனி மூன்றடிதான் இருக்கிறது. வீட்டை விற்பதற்காக நீ வரச்சொன்ன நில அளவையர் இன்று காலை அளந்து சொன்னது. டேப்பின் மறுமுனையை நான்தான் பிடித்திருந்தேன்.

போனில் என்றால் பாதியிலேயே, "வித்துட்டு வாக்கா" என்பாய். அதனால்தான் இதை எழுதி, லீவு முடிந்து சவூதிக்கு, நீ இருக்கும் தம்மாமுக்கே திரும்பும் நம்மூர் சல்மான் ஃபாரிஸ் கையில் கொடுக்கிறேன்.

மணலைத் தடுக்க நீ கட்டிய மதில் விழவில்லை. அதுதான் தொல்லை. போன வருஷம் மேற்கேயிருந்து வந்த ஆடிக்காற்று அதன் வெளிப்புறம் மணலைச் சரிவாக ஏற்றியது. இந்த வருஷம் மணல் அந்தச் சரிவில் ஏறி, மதிலைத் தாண்டிக் கிணற்றுப் பக்கம் கொட்டுகிறது. அடுத்த தோட்டத்துக் குற்றாலலிங்கம் அண்ணாச்சிக்குப் பனையோலை வேலிதான். இடுக்கில் நுழையும் காற்று தளர்ந்து, மணலை வேலியடியிலேயே போட்டுவிடுகிறது. அவர் முருங்கை பச்சையாக நிற்கிறது. நமக்கும் இருந்த அதே மாதிரி வேலியைத்தான் பார்க்க நன்றாயில்லை என்று நீ பிடுங்கினாய்.

மலைப்பாறையை மழை அரைத்து, ஓடைகள் இழுத்துவந்து, காற்று மேடாக்கிய மணல் இது. எத்தனையோ ஆயிரம் ஆண்டு வேலை. உன் மதிலைக் கேட்டுக்கொண்டா வரும்?

சனிக்கிழமை ஆள் வைத்து மதிலில் கற்களை ஒன்றுவிட்டு ஒன்று தட்டி எடுத்துவிட்டேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்ன பியூலா, கோட்டைக்கு சன்னல் வைக்கியாக்கும்? எபி வந்தா என்னையில்லா ஏசுவான்" என்றார். "காத்துக்கு வாசல் வைக்கேன் அண்ணாச்சி. ஏசட்டும்" என்றேன். சிரித்தபடி இரண்டு கட்டு ஓலையை இப்புறம் எறிந்தார். மதிலுக்கு வெளியே வேலி கட்டத் தொடங்கிவிட்டோம்.

நீ என்னைக் குடியேறச் சொல்லும் பாளையங்கோட்டை வீட்டில் குழாய்த் தண்ணீர் வரும் என்கிறாய். வரட்டும். இங்கே கோடையிலும் கிணறு இனிக்கிறது. மழையைக் குடித்து வைத்திருப்பது இதே மணல்தான். கிணறு தூர்ந்தால் இந்த வீட்டில் குடியிருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆவணி கழிந்தால் காற்று அடங்கும். புரட்டாசி முதல் வாரம் நானே அளந்து பார்ப்பேன். மணல் கிணற்றைத் தொட்டிருந்தால் அள்ளிப் போட்டுவிட்டு, வேலியை இன்னும் மேற்கே தள்ளிக் கட்டுவேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும். லீவு கேட்டுப் பார்.

நீ இருக்கும் இடத்திலும் மணல்தான். கர்த்தர் உன் கண்களைக் காப்பாராக.

அக்கா
பியூலா