சகாய மாதாவுக்கு எழுதிய நன்றிக் கடிதம்

அருள்ஜோதி,

நீ ஃபாக்டரியிலிருந்து வரும்போது நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். படுக்கை கிடைத்துவிட்டது என்று போன் செய்தார்கள். மணத்தக்காளிக் கீரையை மூடி வைத்திருக்கிறேன். நீ சாப்பிடு.

ஆஸ்பத்திரி கார்டைத் தேடும்போது உன் ஜெபப் புத்தகத்துக்குள் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். “பூண்டுப்பாலும் மஞ்சளும் கொடுத்து ஜெபித்ததில் என் கணவரின் வயிற்றுக் கிருமி போய்விட்டது, சகாய மாதாவுக்கு நன்றி” என்று எழுதியிருக்கிறாய். சனிக்கிழமை நொவேனா ஜெபத்துக்குப் போகும்போது அதை நன்றிக் கடிதப் பெட்டியில் போடாதே. கோயிலில் எல்லார் முன்னாலும் வாசித்துவிடுவார்கள்.

கிருமி போகவில்லை. ஆறு மாதமாக நீ “வலி எப்படிங்க இருக்கு?” என்று கேட்கும்போதெல்லாம் “குறைஞ்சிருச்சு” என்றேன். உன் முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல வரவில்லை. “அந்த மாத்திரை வயித்தை எரிக்குது, விட்ருங்க” என்று நீ சொன்னதும், கிருமிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை விட்டுவிட்டேன். எனக்கும் அதை விழுங்கப் பிடிக்கவில்லை. அதனால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். வயிற்றில் கேன்சர். ஈரல் வரை பரவிவிட்டதாம். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாய்.

லாசரஸ்

சாயங்காலம் வரும்போது ஃபிளாஸ்கில் பூண்டுப்பால் கொண்டு வா. குடிக்கிறேன். வலி எப்படி என்று மட்டும் கேட்காதே.

பூண்டு வாங்க இனி சிராங்கூன் ரோடு கடைகள் வரை அலைய வேண்டாம். வீட்டில் இருப்பதே போதும்.