குளவிக்கு வீசிய அடி

மாணவியர் விடுதி, அறை எண் 214
ஆகஸ்ட் 27

அன்புள்ள தம்பி பிராடிக்கு,

அக்கா கோரி எழுதுவது. நான் நலம். ராணுவப் பயிற்சி முகாமில் நீயும் நலமாகவும், முடிந்தவரை வாயை மூடிக்கொண்டும் இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த உறையைப் பார், வெறும் வெள்ளை. அம்மா போன முறை உறை முழுக்கச் சூரியகாந்திப் பூ ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியதற்கு உன் சார்ஜன்ட் உன்னை ஐம்பது தண்டால் எடுக்கவைத்தாராமே. அதை அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். "உடற்பயிற்சி நல்லதுதானடி" என்கிறார். அடுத்த உறைக்குப் பட்டாம்பூச்சி வாங்கி வைத்திருக்கிறார். நீ இப்போதே தண்டால் பழகிக்கொள்.

கல்லூரி பெரிதாக இருக்கிறது. நம் வீட்டில் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை என்பதால், இங்கே எது எப்படி என்று கேட்டுக்கொள்ள ஆளில்லை. முதல் இரண்டு நாளும் தவறான வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வெளியே போக வெட்கம். பால் மாட்டுத் தீவனத்தைப் பற்றி இப்போது எனக்கு ஓரளவு தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் சில்லி என்கிற பீன்ஸ்-கறிக் குழம்பு கொடுக்கிறார்கள், நம் பள்ளியில் தருவதுபோல் கூடவே பட்டை மணக்கும் இனிப்பு சினமன் ரோல் கிடையாது. கேட்டால் கேட்டவளை விநோதமாகப் பார்க்கிறார்கள். அதாவது, பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது முக்கியமான செய்தி. இங்கே பெண்கள் கோல்ஃப் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. பயிற்சியாளர் ஹாய்ல் அம்மாவின் அறை வாசலில் மூன்று நாள் போய் நின்றேன். கதவைத் தட்டவில்லை. அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நின்றேன். தீயணைப்பு விதிகள் பதினான்கும் எனக்கு மனப்பாடம். மூன்றாம் நாள் அவரே கதவைத் திறந்து, "ஐஸ் மெஷின் ரிப்பேருக்கு வந்த பொண்ணுதானே நீ? ஏம்மா, ஒரு வாரமாச்சு கூப்பிட்டு" என்றார்.

நான் ஆமாம் என்றுவிட்டேன்.

சிரிக்காதே. மறுத்துப் பேசுவதைவிட ஐஸ் மெஷினைப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. பின்னால் தண்ணீர்க் குழாய் மடங்கிக் கிடந்தது. நம் வயல் பம்பில் அப்பா நீக்குவாரே, அதே மடிப்புதான். நிமிர்த்தினேன், ஓடத் தொடங்கியது. அவருக்கு ஒரே மகிழ்ச்சி. "பில்ல குடு, கையெழுத்து போட்டுடறேன்" என்றார். அப்போதுதான் வேறு வழியில்லாமல், "பில் இல்லைங்க. நான் கோல்ஃப் ஆட வந்தேன்" என்றேன். அவர் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

எங்கே ஆடியிருக்கிறாய் என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒன்பது குழி, மணல் கிரீன் என்றேன். "மணல்ல விழுந்த பந்த அடிப்பியா?" என்றார். இல்லைங்க, குழியைச் சுற்றி இருக்கும் கிரீனே மணல்தான், புல் வளராத ஊர் என்றேன். எண்ணெய் கலந்த மணல் வட்டம், நடுவில் குழி, பந்து எங்கே நின்றாலும் இரும்பு இழுப்பானால் குழிவரை பாதை போட்டு, அதன் மேல் உருட்டிவிடுவோம் என்று விளக்கினேன். என் வாழ்நாளிலேயே அந்நியரிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அடுத்த வாரம் சனி, ஞாயிறு ரெண்டு நாள் ஆட்டம். நீயும் பைப்பர்னு ஒரு பொண்ணும். மொத்தத்துல கொறைச்சலா அடிக்கிறவளுக்கு எடம். நாங்க கூப்பிடாம, உதவித்தொகையும் இல்லாம, தானா வந்து சேர்றவங்களுக்கு இங்க வாக்-ஆன்னு பேரு, தெரிஞ்சுக்க" என்றார்.

இந்த வார்த்தையை அம்மாவிடம் சொன்னது என் தவறு. "எங்க கோரி நடக்கற டீம்ல சேரப் போறா" என்று தேவாலயம் முழுக்கச் சொல்லிவிட்டார். நேற்று ஒரு ஜோடி நடைக் காலணி பார்சலில் வந்தது. அப்பா தொலைபேசியில் வழக்கம்போல ஒரே கேள்விதான் கேட்டார்: "காத்து எப்படி அடிக்குது அங்க?"

எனக்கு இந்த இடம் வேண்டும், பிராடி. இங்கே நாலாயிரம் பேர். நான் ஒரு நாள் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. ஒரு குழுவில் இருந்தால், சாயங்காலம் நான் வராத அன்று "கோரி எங்கே" என்று ஒருவராவது கேட்பார்கள். அவ்வளவுதான். கிடைக்காவிட்டால் சோள அறுவடைக்கு வீட்டுக்குப் போனவள் இங்கே திரும்பி வரமாட்டேன் என்று நினைக்கிறேன். இதை அம்மாவுக்கு எழுதிவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. சார்ஜன்டுக்குக் கதை சொல்லாதே.

உன் அன்பு அக்கா,
கோரி


செப்டம்பர் 5, சனிக்கிழமை மாலை

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உடம்பு மட்டும்.

இன்று முதல் நாள் ஆட்டம். பைப்பருக்குப் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகச் சொந்தமாக மூன்று சக்கர வண்டி இருக்கிறது, தூரம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது, மூன்று கையுறை இருக்கிறது. கெட்ட பெண் இல்லை. "உன் பை நல்லா இருக்கே, பழைய காலத்துப் பையா?" என்று அன்பாகத்தான் கேட்டாள். உன்னுடைய பைதான். வேட்டைக்குக் கொண்டுபோனாயே, அதே பை. வாத்து இறகு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

முதல் குழியில் இரண்டே அடியில் கிரீனை எட்டிவிட்டேன். பந்துக்கும் குழிக்கும் நான்கு தப்படி. பைப்பர் "அட!" என்றாள். நான் இழுப்பானைத் தேடினேன். காணோம். யாரையும் கேட்கவும் கூச்சம். கை சும்மா இருந்தாலும் கால் சும்மா இருக்கவில்லை. இழுப்பான் உடைந்த வருஷம் நீயும் நானும் செய்வோமே, அதுபோலக் காலணியைப் பக்கவாட்டில் வைத்து, பந்திலிருந்து குழிவரை வழித்துக்கொண்டே நடந்துவிட்டேன். குழி வந்ததும் திரும்பிப் பார்க்கிறேன். பச்சைப் பட்டு மாதிரி இருந்த புல்லில் ஒரு கோடு.

"ஏய், என்ன பண்ற? தரைய பெருக்கறியா?" என்று பைப்பர் கத்தினாள்.

ஹாய்ல் அம்மா வண்டியில் வந்து இறங்கி, அந்தக் கோட்டின் மேல் குனிந்து நின்றார், இறந்துபோனவரைப் பார்ப்பதுபோல. "பந்து போற வழிய சீர் பண்ணினா ரெண்டு அடி அபராதம்மா. இருவத்திரெண்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன். அந்த விதிய இப்படி ஒருத்தி நடந்தே மீறி நான் பாத்ததில்ல" என்றார். அம்மா அனுப்பிய நடைக் காலணிக்கு அடிப்பாகம் நல்ல கெட்டி.

அபராதத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. புல் கிரீன் தட்டையாக இல்லை, பிராடி. மேடும் சரிவுமாக, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல். நாம் மணலில் பாதை போட்டு நேராக உருட்டியே வளர்ந்துவிட்டோம். இங்கே நேராக உருட்டினால், குழி இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பந்து மனசு மாறிக் கீழே இறங்கிப் போய்விடுகிறது. ஒரு குழியில் நான்கு முறை உருட்டினேன். நான்காவது முறை பைப்பர் வேறு பக்கம் திரும்பி மரங்களைப் பார்த்தாள். அது இரக்கம். கிண்டலைவிட மோசம்.

அவள் எழுபத்தேழு. நான் எண்பத்து மூன்று. ஆறு அடி பின்னால். நாளை இரண்டு நாள் மொத்தமும் சமமாக வந்தால்கூட, இன்று குறைவாக அடித்தவளுக்கே இடமாம். அதாவது நாளை நான் அவளைவிட ஏழு குறைக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார் ஹாய்ல் அம்மா: "அவ அட்டைய நீ எழுது, உன் அட்டைய அவ எழுதட்டும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எண்ணிப் பாருங்க. கொறைச்சு எழுதியிருந்தா ஆட்டத்த விட்டே வெளிய. கூட எழுதியிருந்தா அந்தக் கூடினதுதான் கணக்கு. அப்புறம் வந்து அழக் கூடாது."

நாளை போகாமல் இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. ஆனால் வரவில்லை என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டுமே. அதற்குப் போய் ஆடிவிடுவதே மேல்.

அக்கா கோரி


செப்டம்பர் 8

அன்புள்ள தம்பி பிராடிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதிக் கதவைத் திறந்தால் கதவு என் கையிலிருந்து பறிபோனது. வடமேற்குக் காற்று. கொடிக்கம்புகள் வில்லாக வளைந்து நின்றன. பைப்பர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு ஆட்டத்த தள்ளி வைப்பாங்கல்ல?" என்று கேட்டாள். எனக்கு முதல் முறையாக இந்த ஊர் நம் ஊர் மாதிரி இருந்தது.

நாம் என்ன செய்வோமோ அதையே செய்தேன். பந்தைத் தரையோடு தரையாக, வேலிக் கம்பிக்குக் கீழே நுழைந்து போவதுபோல அடித்தேன். பைப்பரின் பந்து அழகாக மேலே ஏறும், அங்கே கொஞ்சம் நின்று யோசிக்கும், பிறகு பக்கத்துச் சோயா வயலுக்குப் போய்விடும். மூன்று பந்து அந்த விவசாயிக்குக் கொடுத்தாள்.

கிரீனில் எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்காதே. புல்லைப் படிக்க இன்னும் தெரியாது. ஆனால் குழிக்கு அதிக தூரத்தில் இருப்பவர்தானே முதலில் உருட்ட வேண்டும்? காற்றின் தயவால் பெரும்பாலும் அது பைப்பர். நான் அவள் பின்னால் ஓரமாக நின்று அவள் பந்து எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஓரமாக நின்று பார்ப்பதில் எனக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம். அவள் பந்து இடது பக்கம் இரண்டு அங்குலம் போனால் நான் வலது பக்கம் இரண்டு அங்குலம் தள்ளி உருட்டினேன். பத்தாவது குழியில் அவளுக்கே சந்தேகம் வந்து, "என்ன, என்னைய பாத்து காப்பி அடிக்கறியா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்து மேசைக்கு வந்தோம். ஹாய்ல் அம்மா காற்றில் பறக்காமல் இருக்க அட்டைகளின் மேல் காபிக் குவளையை வைத்துக்கொண்டு கூட்டினார். பைப்பர் எண்பத்தைந்து. "கோரி, எழுபத்தொம்பது. ஆக ரெண்டு பேரும் நூத்தி அறுவத்திரெண்டு" என்றார். சமம். முதல் நாள் கணக்கால் இடம் அவளுக்கு. பைப்பர் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாள். "சரிதானேம்மா கோரி?" என்று என் பக்கம் பேனாவை நீட்டினார்.

சரி என்றேன். என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. பேனாவை வாங்கிப் பெயரின் முதல் எழுத்தையும் எழுதிவிட்டேன். அப்போதுதான் பார்க்கிறேன், ஏழாவது குழிக்கு ஆறு என்று இருக்கிறது. நான் அடித்தது ஐந்து.

நீ இருந்திருந்தால் வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே கத்தியிருப்பாய். உணவகத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று நீதான் சொல்வாய், பல் வைத்தியரிடம் எந்தப் பல் என்றுகூட நீதான் சொன்னாய். சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. பேனாவை மேசைமேல் வைத்தேன். "இல்ல" என்றேன்.

"என்னம்மா, பேனா எழுதலையா?" என்றார் ஹாய்ல் அம்மா.

"பேனா எழுதுது. ஏழாவது குழி அஞ்சுங்க."

"ஆறு" என்றாள் பைப்பர். "நான் எண்ணினேன். அந்தப் பள்ளத்துல நீ ரெண்டு தடவ வீசின. பந்துல படாட்டியும் வீசினா அடி கணக்குதான்."

"மொதல்ல வீசினது குளவிய."

"எந்தக் குளவி?"

"மஞ்சக் குளவி. மூஞ்சிக்கு நேரா வந்துச்சு."

"நீ ஒண்ணுமே கத்தலையே! குளவி வந்தா மனுஷங்க கத்துவாங்க!"

"நான் கத்த மாட்டேன்" என்றேன்.

பைப்பர் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த ஓர் அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அதிக நேரம் எடுத்துக்கொண்டாள், நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். பிறகு, "ரெண்டு நாள்ல இவ பேசினது மொத்தமே பத்து வார்த்தை. பொய் சொல்றவளா இருந்தா இன்னும் நல்லா சொல்லியிருப்பா. அஞ்சுன்னே திருத்துங்க" என்றாள்.

"குளவி மேல பட்டுதா?" என்று கேட்டார் ஹாய்ல் அம்மா. படவில்லை என்றேன். "பந்துக்கு வீசல, குளவிக்கும் படல. அப்ப அது அடியே இல்ல" என்று ஆறை அடித்து ஐந்தாக்கினார். நூற்று அறுபத்தொன்று. நான் கையெழுத்தை முழுசாகப் போட்டேன்.

பைப்பர் எனக்குக் கை கொடுத்தாள். பிறகு தன் கார்க் கதவை மிக மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. நாளை அவளைத் தேடிப்போய், என்னுடன் பயிற்சிக்கு வருகிறாயா என்று கேட்கப்போகிறேன். வாசலில் மூன்று நாள் நிற்க வேண்டியிருந்தாலும் கேட்பேன்.

செய்தியைச் சொன்னதும் அம்மா அழுதுவிட்டு, "மொத்தம் எவ்ளோ தூரம் நடந்த?" என்று கேட்டார். அப்பாவிடம் காற்று நாற்பது மைல் வேகம் என்றேன். "அது காத்தா?" என்றார். ஆனால் தொலைபேசியை வைக்காமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

உன் கடிதம் இன்று வந்தது. நான்கு வரி. சாப்பாடு நன்று, உறக்கம் நன்று, எல்லோரும் நல்லவர்கள், அனைவரையும் விசாரித்ததாகச் சொல். நம் பன்றி வேலி தாண்டிய கதையை முக்கால் மணி நேரம் சொன்னவனா இதை எழுதியது? ஐந்தாவது வரி ஒன்று இருக்கிறது. அதைத் தாள் கிழிகிற மாதிரி அடித்திருக்கிறாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், படிக்க முடியவில்லை.

மே மாதம் நீ யாரிடமும் சொல்லாமல் படையில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, என்னிடம் மட்டும் "உனக்குச் சம்மதம்தானே அக்கா?" என்று கேட்டாய். நான் சரி என்றேன். நான் எப்படிச் சரி சொல்பவள் என்று உனக்குத் தெரியும்.

அந்த ஐந்தாவது வரியை மறுபடி எழுதி அனுப்பு. நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உன் தோளும் முழங்காலும் உறுதியாக இருக்கட்டும். உனக்கு இரவில் நல்ல தூக்கம் வரட்டும். யார் அதட்டினாலும் உன் சிரிப்பு உன்னிடமே இருக்கட்டும். முழுசாகத் திரும்பி வா, தம்பி.

அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கும்
உன் அக்கா,
கோரி