கையை வீசுகிறவளுக்குப் பச்சை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், உன் அப்பாவின் மூக்கைத் தவிர. அங்கே நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆய்வுக்கூடத்திலேயே பிஸ்கட்டைக் கடித்து நாளை ஓட்டுகிறாயா? மூக்குக்கு என்ன என்று பதறாதே, தூக்கத்தில் நான் கையை வீசியதில் பட்டது, வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் அதற்குக் காரணம் நீதான். எப்படி என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

மணிக்கட்டில் கட்டுகிற ஒரு பட்டை செய்வதாகப் போன தடவை சொன்னாயே, உள்ளே கை அசைவதைக் கண்டுபிடிக்கிற சென்சாரும் அரிசி அளவு மோட்டாரும் இருக்கும், பக்கவாதத்தில் கை விழுந்தவர்கள் பயிற்சி செய்ய மறந்தால் லேசாக அதிர்ந்து ஞாபகப்படுத்தும் என்று. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அந்தப் பட்டை இப்போது என் கையில் இருக்கிறது கண்ணு. எனக்குப் பக்கவாதம் இல்லை. எங்கள் மருந்துக் கம்பெனி முதலாளி அதை வாங்கி பேக்கிங் பிரிவில் எல்லார் கையிலும் மாட்டிவிட்டார். கை கொஞ்சம் நின்றால் போதும், சட்டைக்குள் வண்டு புகுந்த மாதிரி குடைகிறது. கழிப்பறையில்கூட கையை ஆட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கிறது. சுவரில் ஒரு பெரிய திரை, அதில் ஆளுக்கொரு கட்டம், கை ஓடினால் பச்சை, தளர்ந்தால் மஞ்சள், நின்றால் சிவப்பு. பக்கத்திலேயே உங்கள் ஆய்வுக் குழுவின் படத்தை மாட்டியிருக்கிறார்கள், நீ ஓரத்தில் தலைவாராமல் நிற்கிறாய்.

எங்கள் மேசையில் ரேடியோ என்று ஒருத்தி. வாயைத் திறந்தால் மூடமாட்டாள், வாய் பேசினால் கையும் காற்றில் பறக்கும், ஒரு பெட்டி கட்டுவதற்குள் மாமியாரை மூன்று தடவை வாழ்த்திவிடுவாள். அவள் கட்டம் நாள் முழுக்கப் பச்சை. மாதத்தின் சிறந்த பணியாளர் என்று கைதட்டச் சொன்னார்கள், அவளே என் காதருகே குனிந்து, "அக்கா, நான் நாத்தனார் கதைய மட்டும்தான்க்கா சொன்னேன், வேலையே செய்யல" என்கிறாள். எதிரே இருப்பவள் பூனை. அவள் நடப்பதும் தெரியாது, இருப்பதும் தெரியாது. மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு விரல் நுனியாலேயே அட்டையை மடித்து பாட்டிலைச் செருகிவிடுவாள், எங்களில் இரண்டு பேர் கட்டுவதை அவள் ஒருத்தி கட்டுவாள். அவள் கட்டம் எப்போதும் சிவப்பு. குடைந்து குடைந்து மணிக்கட்டு தடித்துப் போயிருக்கிறது.

விஷயம் புரிந்ததும் நாங்கள் எல்லாரும் ரேடியோ ஆகிவிட்டோம். அட்டைக்கு ஒரு கும்பிடு, மூடிக்கு ஒரு வீச்சு, வெளியாள் பார்த்தால் சொத்துச் சண்டை என்று நினைப்பான். அந்தப் பழக்கம் படுக்கை வரைக்கும் வந்துதான் உன் அப்பா மூக்கில் விழுந்தது. "அடுத்து ஒரு ஹெல்மெட் கண்டுபிடிக்கச் சொல்லு உன் பொண்ண" என்கிறார். பூனைக்கு மட்டும் இது வரவில்லை. சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். "கைய வீசினா பாட்டில் உடையும்க்கா, உள்ள மருந்து இருக்குல்ல" என்கிறாள். மாதக் கடைசியில் சிவப்பில் இருப்பவர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். தனி ஆளாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள்.

மேற்பார்வையாளரிடம் போய் அவள் கட்டிய பெட்டிகளை எண்ணிப் பாருங்கள் சார் என்றேன். "பெட்டிய எண்றதுக்கா இவ்வளவு பெரிய திரை மாட்டியிருக்கோம்? பெரிய படிப்பு படிச்சவங்க செஞ்சதும்மா, பொய் சொல்லாது" என்றார். அதில் ஒருத்தியைப் பெற்றவள் நான், சின்ன வயதில் அவள் வண்டி வண்டியாகப் பொய் சொல்வாள் என்றேன். "அப்ப அவங்களையே எழுதித் தரச் சொல்லுங்க, இது அசைவத்தான் அளக்கும், வேலைய அளக்காதுன்னு. முதலாளிகிட்ட காட்டி நிறுத்திடறேன். தன் சரக்க தானே குறை சொல்ற ஆளு எங்கம்மா இருக்கு?" என்று சிரித்தார். என் பொண்ணு சொல்லுவா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மேசைக்கு வந்த பிறகுதான், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று உறைத்தது.

உன்மேல் கோபமில்லை என்று எழுதலாம் என்றிருந்தேன், கொஞ்சம் இருக்கிறது. விழுந்த கையைத் தூக்கிவிடச் செய்ததை ஒரு கம்பெனி முதலாளி இத்தனை வாங்குகிறாரே, எதற்கு என்று உங்களில் ஒருவருக்குமா கேட்கத் தோன்றவில்லை? முதலாளி கையில் பட்டை இல்லை. மேற்பார்வையாளர் நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், அவருக்குக் கட்டமே இல்லை. உங்கள் அடுத்த ஆராய்ச்சிக்கும் இந்த முதலாளிதான் செலவு செய்கிறார், பேராசிரியர் முகம் சுளித்தால் உன் இடமே போகலாம், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதை எழுதித் தா என்று கேட்கிறேன்.

நீ எழுதும்வரை பூனையின் பட்டையை என் வலது கையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நான் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நிற்கிறேன், என் பெட்டிகளையும் சேர்த்து அவளே கட்டித் தள்ளுகிறாள். இப்போது இரண்டு பேரும் பச்சை. நேற்று மேற்பார்வையாளர் வந்து நல்ல முன்னேற்றம் என்று எனக்குக் கைகொடுத்தார், குலுக்கியதில் அவள் கணக்கு இன்னும் கொஞ்சம் ஏறியது. ஆனால் என் தோள் மோட்டார் இல்லை கண்ணு, மாதக் கடைசி வரை தாங்காது.

நீ நினைத்தது நடக்கட்டும், நல்ல தூக்கம் வரட்டும், நோய்நொடி அண்டாமல் இரு. முழுப்பெயர் போட்டு, ஆய்வுக்கூட முத்திரையோடு அனுப்பு, வெறும் கையெழுத்தை இவர்கள் மதிக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
நீ எழுதுவாய் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்ட
உன் அம்மா