வாளி தளும்பாத ஓட்டம்

பத்து பாகாட் டவுனில் இன்று காலை ராவுத்தர் கடைக்கு மைப்புட்டி வாங்கப் போனேன். உள்ளே நுழைந்ததுமே புதுத் தோல் பந்தின் வாசம். கொக்கியில் தொங்கிய பந்தையே நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு ராவுத்தர், "என்ன சார், இந்த வயசுல ஆடப் போறீங்களா?" என்று சிரித்தார். "ஆடினவன் போயிட்டான்" என்றேன். மையை வாங்காமலே வந்துவிட்டேன்.

நீ இறந்துபோனதைச் சொல்லி சிங்கப்பூரிலிருந்து உன் மனைவி எழுதிய தபால் அட்டை வந்து பத்து நாளாகிறது. அவளுக்குப் பதில் எழுத வார்த்தை வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

பதினாறு வருடத்துக்கு முன்னால், உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நீ பால்வெட்டுக்காரன். நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. பந்தாட்ட அணியில் மட்டும் இந்த மேல் கீழ் கிடையாது. நீ இடது ஓரத்தில் ஓடுவாய். உனக்குப் பின்னால் நின்று பந்தைத் தள்ளிவிடுவது என் வேலை. உன் முதல் கோலுக்குப் பந்து கொடுத்தவன் நான். இதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, நானே எழுதிக்கொள்கிறேன்.

அந்த ஆண்டு நீ ஓடியதைப் போல ஜொகூரில் அதற்கு முன்னும் பின்னும் எவனும் ஓடவில்லை. ஆளைப் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சொல்கிறேன். காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு, மேடு பள்ளத்தில் தினமும் ஓடியவன் நீ. இடுப்புக்கு மேலே அசையாது. கால் மட்டும் பறக்கும். தோளைப் பார்த்து ஆளைத் தடுக்கப் பழகியவர்களுக்கு நீ எந்தப் பக்கம் திரும்புவாய் என்றே தெரியாது. பெக்கான் நானாஸ் திடலில் ஒருவன் உன் வெறுங்காலைக் காட்டி, "டேய், பூட்ஸ் இல்லாதவனுக்குப் பந்து எதுக்குடா?" என்று கத்தினான். அவனைத் தாண்டிப் போய் கோல் அடித்துவிட்டுத் திரும்பி வந்து, "உங்க பூட்ஸு இப்பதாண்ணே வந்து சேருது" என்றாய். அவனுடைய ஆட்களே சிரித்தார்கள்.

இறுதி ஆட்டம் ஜொகூர் பாருவில், போலீஸ் அணியோடு. அன்று விடியும்போது மழை. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. பத்து மணிக்குப் பட்டை காய்ந்ததும் பெரிய கிராணி எல்லோரையும் வெட்டப் போகச் சொன்னான். ஆட்டத்துக்குப் போகும் லோரி ஒரு மணிக்குப் புறப்பட வேண்டும். அதற்குள் நீ மரங்களை வெட்டி முடிக்கலாம், மரத்தில் கட்டிய மங்குகளில் பால் நிறைந்திருக்காது. "பால் நிறுக்காம எவனாச்சும் லோரி ஏறினா, நாளைக்கு லயத்து வீட்டக் காலி பண்ணிட்டுப் போகட்டும்" என்றான். அது அணிக்குச் சொன்னதல்ல, உனக்குச் சொன்னது. அணியில் வெட்டுக்காரன் நீ ஒருவன்தான்.

நீ மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாய். "நீங்க போங்கய்யா. அம்மாவ வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?" என்றாய்.

நான் சட்டையைக் கழற்றினேன், அணியின் சிவப்புச் சட்டையை. அதை மாற்று ஆட்டக்காரனிடம் கொடுத்துவிட்டு உன்னிடம், "நீ ஏறு. பாலை நான் எடுக்கிறேன்" என்றேன்.

"ஐயா, நீங்க வாளி தூக்கினா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எப்படித் தூக்குறதுன்னு சொல்லு."

"தோள ஆட்டாதீங்க. மேல பொணம் மாதிரி இருங்க. காலு பாத்துக்கும்."

மேலே பிணமாக இருக்க எனக்கு வரவில்லை. ஒரு வாளியில் பாதியைக் கால்சட்டையிலேயே ஊற்றிக்கொண்டேன். வாய்க்கால் பலகையில் மூன்று முறை வழுக்கினேன். தராசுக்கு முன்னால் பெரிய கிராணி காத்திருந்தான். "வாங்கடா, வேடிக்கை பாருங்கடா! சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணின தொர பால் தூக்கிட்டு வர்றாரு!" என்றான். "பால் வரணும்னுதானே சொன்னீங்க? வந்திருக்கு. அவன் பேர்ல நிறுங்க" என்றேன். அவனால் மறுக்க முடியவில்லை. கிராணி மரியாதையைக் கெடுத்தவன் என்று என்னைப் பற்றித் தோட்டத்துத் துரையிடம் எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வு என்ற பேச்சே எழவில்லை. அவன் செத்து ஏழு வருடமாகிறது. நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நீங்கள் மூன்றுக்கு இரண்டில் வென்றீர்கள். மூன்றும் உன்னுடையவை. கோப்பைக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திப் படம் பிடித்துக்கொண்டவன் பெரிய கிராணி. அந்தப் படத்தில் நான் இல்லை. மாலை போட்ட கூட்டத்தில் நீ துரைக்கு நன்றி சொன்னாய், அவனுக்கும் சொன்னாய். என் பெயர் வரவில்லை. உன்மீதும் எனக்குக் கோபம்தான். ஒரு நாள் முழுக்க.

மறுநாள் மத்தியானம் பால் நிறுவை முடிந்து எல்லோரும் போன பிறகு நீ போகவில்லை. "நேத்து உங்க பேரச் சொல்லியிருந்தா தொர காதுல வேற மாதிரி விழுந்திருக்கும்யா" என்றாய். பிறகு காய்ந்த ரப்பரை உருட்டிப் பந்தாக்கி சிமெண்டுத் தரையில் போட்டாய். "எந்திரிங்க. அந்தத் தூணு கோலு. நீங்கதான் போலீஸ்காரன், நல்ல தடியன். என்னைத் தடுங்க."

முதல் நிமிடத்திலிருந்து ஆடிக்காட்டினாய். நடுவர் ஊதியதை நீயே ஊதினாய். கூட்டம் போட்ட சத்தத்தை நீயே போட்டாய். கடைசிக் கோலுக்கு என்னை நோக்கி ஓடி வந்தபோது, இத்தனை நாள் உனக்குப் பின்னால் நின்றவன் முதல் தடவையாக உன்னை எதிரில் பார்த்தேன். வலப்பக்கம் பாய்ந்தேன். நீ அங்கே இல்லை. பந்து தூணில் அடித்த சத்தம் கேட்டது. தரையில் விழுந்து கிடந்த நான் கைதட்டினேன்.

ஜொகூர் பாருவில் அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்துத்தான் சிங்கப்பூர்க் கம்பெனிக்காரன் உன்னைக் கூட்டிப்போனான். பெயருக்கு ஒரு வேலை, பந்து உதைக்கச் சம்பளம். முழங்கால் போகும்வரை ஏழு வருடம் அந்தத் தீவை ஓடவிட்டாய். அந்த நாளில் எனக்குக் கிடைக்காததெல்லாம் உனக்குக் கிடைத்தது. கணக்குச் சரிதான்.

இங்கே காப்பிக் கடையில் இன்றைக்கும் அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அன்று திடலில் அத்தனை பேர் நின்றிருக்கவே முடியாது. ஆனால் எல்லோரும் பார்த்தவர்கள். "கடைசி கோலு வலது கால்ல" என்று ஒருவன் அடித்துச் சொல்வான். "இடது கால். உள்பாதம். தரையோட போச்சு" என்பேன். "நீங்க பாத்தீங்களா சார்?" என்பான்.

"பார்த்தேன்" என்பேன். உன்னைத் தடுக்க நின்ற கடைசி ஆள் நான்தான் என்று மட்டும் சொல்வதில்லை.