இடது பக்க ஹெட்லைட்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கும் மேகலா, காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் சமையலறையில் நின்றபடியே கணவனுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதினாள். லாரியில் சென்னைக்கு லோடு கொண்டுபோன கணவன் தேவசகாயம் மத்தியானம் வந்து, அவள் திரும்புமுன் மறுபடி போய்விடுவான். முகம் பார்த்துப் பத்து நாளாகிறது.

"குழம்பு இருக்கு, சுட வச்சி சாப்பிடுங்க. கோவப்படாதீங்க, நீங்க பழசா வாங்கிப் போட்ட ஸ்போர்ட்ஸ் காரைத் தொட்டுட்டேன். சுவிட்சு போட்டாலும் மேல எழும்பாம பானெட்டுக்குள்ள மடங்கியே கெடந்த இடது ஹெட்லைட்டுக்கு மோட்டார் நல்லாத்தான் இருக்கு. லைட்டைத் தூக்குற கம்பியில இருக்கிற புஷ், அந்தப் பிளாஸ்டிக் வளையம், தேஞ்சிபோச்சி. கம்பெனி லேத்துல நைலான்ல புதுசா ஒண்ணு கடைஞ்சி போட்டேன். இப்ப ரெண்டு லைட்டும் ஒண்ணா எழும்புது.

காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கூப்பிட்டப்ப, 'லைட்டு ஏறல, இருட்டுல எப்படித் திரும்பறது'ன்னீங்க. என்கூட வர இஷ்டமில்லன்னு நெனச்சி கத்திட்டேன். தப்புதான்."

பேனாவை மூடியவள், மறுபடி திறந்து அடியில் நெருக்கி எழுதினாள்: "பைபாஸ்ல எந்த லாரி போனாலும் நீங்களோன்னு நம்பரைப் பாக்கறேன்." அடித்துவிடலாமா என்று யோசித்தாள். அடிக்கவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பியபோது குழம்புச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. அவள் எழுதி வைத்த துண்டுச் சீட்டின் பின்பக்கம் அவன் எழுத்து:

"நாலு வாட்டி சுவிட்சு போட்டுப் பாத்தேன், நாலு வாட்டியும் ஏறிச்சி. ஞாயித்துக்கிழமை லோடு வேணாம்னு சொல்லிட்டேன், ஏரிக்குப் போலாம். இன்னைக்கே உன்னப் பாத்துட்டுப் போகணும்னு அஞ்சு மணி வரைக்கும் வாசல்லயே நின்னேன்."

மேகலா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஐந்தேகால்.