லெஸ்டருக்குப் பிந்திப்போன துக்கம்

அம்மா,

வேலையிடத்தில் புதிதாகக் காப்பெட் விரித்திருக்கிறார்கள். காலையில் எல்லோரும் மழையில் நனைந்த சப்பாத்துகளோடு அதில் நடந்தார்கள். மத்தியானம் அந்த மணம் எழுந்தது. ஈரக் காப்பெட். இங்கிலாந்தின் லெஸ்டர். சித்தி வீட்டு மாடிப்படி.

சித்தப்பா இறந்தபோது உங்களிடம் இருந்தது எஃப் ஆஸ்வைஸ், தற்காலிகமாகத் தங்குவோருக்கான அட்டை. அதை வைத்துக்கொண்டு சுவிஸைவிட்டு வெளியே போக முடியாது. பேர்ணுக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில் இருந்து தொலைபேசியில் அழுதீர்கள். நீங்கள் வராததைச் சித்தி மன்னிக்கவில்லை. அதன்பிறகு உங்கள் தங்கை உங்களோடு சரியாகக் கதைக்கவே இல்லை. பி ஆஸ்வைஸ் என்ற வதிவிட அட்டையும் பிரித்தானிய விசாவும் கிடைக்க மூன்று வருடம் போயிற்று. 2013 கோடையில் நாங்கள் போனது உங்கள் தங்கையை மீட்கத்தான்.

சொக்லேட் வாங்கலாம் என்றேன்.

"செத்த வீட்டுக்கு ஆரும் சொக்லேட் கொண்டு போறதோ?"

வெறுங்கை. சாம்பல் கரை வைத்த வெள்ளைச் சேலை. கதவு திறந்ததும் சித்தியைக் கட்டிப்பிடித்து ஒப்பாரியைத் தொடங்கினீர்கள். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் எங்களுக்காகப் புட்டும் கோழிக்கறியும். பூப்போட்ட சட்டையில் நின்ற சித்தி, உங்கள் கைகளை மெல்ல விலக்கினார்.

"நாங்கள் அழுது முடிச்சு மூண்டு வருசம். திரும்பவும் இதைச் செத்த வீடாக்க வந்தனியோ அக்கா?"

அந்தக் கிழமை சித்தி வேலைக்குப் போனார். நாங்கள் ஊர் பார்த்தோம். ஒரே செங்கல், ஒரே கதவு, ஒரே சன்னல். வேறு யாரோ வீட்டு மணியை அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டீர்கள். குளியலறையில் கொதிநீருக்கு ஒரு குழாய், குளிர்நீருக்கு ஒரு குழாய். நடுவில் ஒன்றும் இல்லை. மாடி பஸ்ஸின் மேல்தட்டில், யூலையில், கோட்டோடு இருந்தோம். வீதியோரக் குப்பையைக் கண்டு, ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் உங்கள் கை பரபரத்தது. பேர்ணில் இப்படிக் கிடந்தால் உங்கள் வேலை போய்விடும் என்றீர்கள். பிறகு, கண்ணாடியில் வழிந்த மழையைப் பார்த்து:

"இவையின்ர வெயிலுக்கும் விசா கிடைக்கேல்லைப் போல."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அழவென்று வந்து, அழ இடமில்லாமல் ஊர் சுற்றினீர்கள். இரவுகளில் கால் வீங்கியிருந்தது.

புறப்பட்ட அன்று சித்தி பஸ் நிலையம் வரை வந்தார். வழிக்குச் சாப்பாடு கட்டித் தந்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. விருந்தாளியை அப்படித்தான் வழியனுப்புவார்கள். "என்னை விட்டிட்டாள்" என்றீர்கள், விமானத்தில் இருக்கைப் பட்டியைப் பூட்டியபடி. அதற்குப் பிறகு லெஸ்டரைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

நீங்கள் கண்மூடிய மார்கழியில் சித்தி பேர்ணுக்கு வந்தார். அஞ்சலி மண்டபத்தில், உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு உங்கள் காலைப் பிடித்தார்.

"அவருக்கும் சேர்த்து இப்ப அழுவம் அக்கா. எழும்பு."

சரிந்தவரை நான் பிடித்தேன். அவருடைய மூச்சு என் கழுத்தில் சுட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைக்கிறார். சித்தப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கி உங்களில் வந்து நிற்பார். அழுவார். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. உங்கள் இடத்தில் இருந்து கேட்கிறேன். களைப்பாகத்தான் இருக்கிறது, அம்மா. ஆனாலும் அவர் அழுது முடிக்கும்வரை இருக்கிறேன்.