மண் இறங்கும் வரை

மயிலாப்பூர்,
18 சனவரி 2025

அன்புள்ள தம்பி காஸ்பருக்கு,

ஊருக்கெல்லாம் நீ ஃபாதர், எனக்குத் தம்பிதான். உன் மலைமேல் டவர் கிடைக்காததும் நல்லதுக்குத்தான். போனில் பேசினால் அழுதுவிடுகிறேன். கடிதத்தில் என்றால் திட்டலாம்.

பொங்கலுக்கு மாடி வீட்டு வைதேகி முழுக் கரும்பு கொடுத்தாள். ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு? மறுத்தால் வருத்தப்படுவாளே என்று வாங்கிக்கொண்டேன்.

என் பிள்ளை ஆஸ்டின் போய் நாலு மாதம். அவன் அடக்கப் பூசையில் நீதான் பிரசங்கம் வைத்தாய். "ஆண்டவர் நம்மோடு இருக்கிறார்" என்றாய். சாயங்கால ரயிலில் கிளம்பிவிட்டாய். அவரும் உன்னோடு ஏறிவிட்டாரா? இங்கே காணோமடா.

அடக்கத்துக்குப் பிறகு காய்ச்சலில் படுத்தவள், மழைக்காலம் முடிந்துதான் எழுந்தேன். இப்போது தினம் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறேன். மண் இறங்கும் வரை மரச்சிலுவைதான், பிறகுதான் கல் வைக்க வேண்டும் என்கிறார்கள். ஜெபமாலையை எடுப்பேன். 'மரண நேரத்திலும்' என்ற இடத்தில் வாய் அடைத்துவிடும். மேலே போகாது. புல்லைப் பிடுங்கிக்கொண்டே, ஹெல்மெட் போடாமல் போனாயே பாவி என்று அவனைத் திட்டிவிட்டு வருகிறேன்.

பக்கத்துக் குழிக்கு வாரம் ஒருமுறை தேவானை என்று ஒருத்தி வருகிறாள். ஆற்றோரத்தில் குடியிருந்தவளைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவள் மகள் நிலா நம் பங்குக் கோயில் பையன் ஒருவனைக் கட்டி, ஞானஸ்நானம் வாங்கி, மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். இவளுக்கு ஒரு ஜெபமும் தெரியாது. மல்லிகைப் பூவைப் பரப்பிவிட்டு, "பயந்துக்காத கண்ணு, சாமி உங்கூடத்தான் கீது" என்று பேசிக்கொண்டே இருப்பாள். எப்படி இவளுக்கு இவ்வளவு நிச்சயம்? வயிறு எரிகிறது எனக்கு.

வசனம் எழுதாதே. அவர் இருக்கிறாரா இல்லையா, அதை மட்டும் எழுது.

உன் அக்கா,
ஆலிஸ்


6 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். எல்லாம் பிரசங்கமாகவே வந்தது.

இருக்கிறார் என்றுதான் நம்புகிறேன். எங்கே என்று கேட்டால் எனக்குக் காட்டத் தெரியவில்லை. மெரினாவில் ஆஸ்டினைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். அவன் பெட்டிமேல் மண் போட்டதும் இந்தக் கைதான். அன்று ரயிலில் நானும் ஜெபிக்கவில்லை அக்கா. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

வாய் அடைத்தால் அடைக்கட்டும். சொல்ல முடிந்தவரை சொல், அது போதும். மீதியை நான் இங்கே காலைப் பூசையில் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரையை விடாதே. ராத்திரிக்கு வெறும் பன்னும் டீயும் என்று இருந்துவிடாதே. ஈஸ்டருக்குள் கல் வைத்துவிடு, அதை மந்திரித்து ஆசீர்வதிக்க வரப் பார்க்கிறேன்.

அன்புத் தம்பி,
காஸ்பர்


மயிலாப்பூர்,
29 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

உட்கார்ந்து படி.

கல் வைக்க அளவெடுக்கக் கொத்தனார் ஜெயராம் வந்தார். தலைமாடு எந்தப் பக்கம் என்று பார்க்க அடக்கத்தன்று எடுத்த போட்டோவைக் கேட்டார். போட்டோவில் குழிக்குப் பின்னாலேயே வேப்பமரம். நான் தினம் உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால் மரமே இல்லை. மரம் இருந்தது தேவானையின் பக்கம்.

இரண்டும் ஒரே வாரத்தில் வெட்டிய குழிகள். மழையில் சிலுவைகள் சாய்ந்திருக்கின்றன. யாரோ நல்ல மனசோடு எடுத்து நட்டிருக்கிறார்கள், மாற்றி. நானும் படுக்கையில் கிடந்தேன், அவளும் தண்ணீர் வடிந்த பிறகுதான் வந்தாள். சிலுவையில் எழுதியிருந்த பெயரைப் பார்த்து இருவருமே உட்கார்ந்துவிட்டோம்.

பெற்ற பிள்ளை கிடக்கிற இடம்கூடத் தெரியாத தாய் ஒருத்தி உண்டா? புல் பிடுங்கினது யாரோ பெண்ணின் குழியில், திட்டினதும் அவளைத்தான். என் பிள்ளை பக்கத்தில் கிடந்தான், ஒருநாள்கூட அவன் பக்கம் திரும்பவில்லை. ஆண்டவர் என்னைக் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

அந்த வாரம் தேவானை வந்ததும் சொன்னேன். கத்தித் தீர்ப்பாள் என்று பயம். அவள் பூவை மடியில் கட்டிக்கொண்டு, நான் தினம் உட்காரும் இடத்தைப் பார்த்தாள்.

"அப்போ எம்பொண்ணாண்ட குந்திக்கினு இருந்தது நீயா யக்கா?"

"நான்தான்."

"தெனமுமா?"

"தினமும்தான்."

"ரெண்டு பஸ்சு மாறி வாரத்துக்கு ஒருதபா தான் என்னால வர முடியும். மீதி நாளுக்கு அத்தத் தனியா வுட்ராத, யாரயாச்சும் அனுப்புன்னு சாமியாண்ட கேட்டுக்கினே இருந்தேன்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே! கேட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தவள் நான். அவளுக்கு என்னையே அனுப்பியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

ஜெயராம் சிலுவைகளை மாற்றி நட்டார். நாங்கள் இருவரும் இடம் மாறவில்லை. நிலாவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தேன். வழக்கமான இடத்தில் வாய் அடைத்தது. "நிறுத்தாத யக்கா, அது காதுல வுழுவட்டும்" என்றாள் தேவானை. அவள் பெண்ணுக்காகக் கடைசி வரை சொன்னேன்.

என் பிள்ளைக்கு இன்னும் சொல்ல வரவில்லை, தம்பி. அழுகைதான் வருகிறது. தேவானை தான் கொண்டுவந்த மல்லிகையை ஆஸ்டின்மேல் பரப்பினாள். பிறகு குனிந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் பேசுவதுபோல, "ஒங்கம்மா பக்கத்துலதான் கீது, நைனா" என்றாள்.

உன் அக்கா,
ஆலிஸ்